தேனாட்டுக் கவிஞர்களும் கடைசிப் பிழியலும்

ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். எம்மூர்க் கவிஞர்கள் ஒரு வருடத்துக்காவது ‘மீன்பாடும் தேனாடு’ என்ற தொடரை எழுதாமல் இருக்க வேண்டும். மீனைப் பற்றி எனக்கு வழக்கேதும் இல்லை. 1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்பு வாவியில் தோணியேறிப் போய், நீருக்கடியிலிருந்து வந்த அந்த ஓசையைத் தன் காதாலேயே கேட்டார். 1859இல் வெளியான தன் நூலில் அதை எழுதியும் வைத்தார். பாடியது மீன்தானா, மட்டிதானா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது என்பது வேறு விஷயம். ஆக, மீனுக்குச் சாட்சி இருக்கிறது. தேனுக்கு யார் சாட்சி? கவியரங்கில் ‘தேனாடு’ என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேர், ஈ குடியிருக்கும் ஒரு முட்டியின் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

நமது சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டினால் தேன் சொட்டாத பக்கம் குறைவு. காதலியின் சொல் தேன், உம்மாவின் தாலாட்டு தேன், தாய்மொழி தேன். உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு மண்ணுக்கே ஆற்றையும் வயலையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அது அவர் காலத்துக் காவிய மரபு, அவரை விட்டுவிடலாம். இன்று எழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இவர்கள் ‘தேன்’ என்று எழுதும்போது, அதே ஊரில், அதே கிழமையில், ஈக்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள். பார்க்கவில்லை. அதுதான் என் வழக்கு.

தேனில் இரண்டு வகையான மோசடி நடக்கிறது. ஒன்று, சீனிப் பாணியைத் தேன் என்று விற்பது. இதை எல்லோரும் திட்டுகிறார்கள். கொத்பாவில் கூடத் திட்டு விழுகிறது. மற்றது, கோடை முடியும் தறுவாயில், மாரிக்கு முன்னால், கூட்டில் மிச்சமிருப்பதை வழித்துத் துடைத்து எடுத்துவிடுவது. இதை ஒருவரும் திட்டுவதில்லை. ‘கலப்படமில்லை, எங்கட வளவில எடுத்தது’ என்ற பெருமையோடு அந்தப் போத்தல் கைமாறுகிறது. நான் பேச வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி. முதலாவது வாங்குகிறவனை மட்டும் ஏமாற்றுகிறது. இரண்டாவது அவனையும் ஏமாற்றி, ஈயின் குடியையும் அழிக்கிறது.

விபரம் தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். இலங்கையில் தேன் தரும் ஈக்கள் நான்கு வகை. காட்டு மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை வதையாகப் பெரிதாகக் கட்டுவது பெருந்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். பற்றைக் கிளையில் உள்ளங்கை அளவு வதை கட்டுவது கொம்புத்தேனீ. கொட்டத் தெரியாத சின்னஞ்சிறியது கொசுத்தேனீ. நாலாவதுதான் நம் வீட்டு ஈ. மரப்பொந்திலும் புற்றிலும் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டி வாழ்வது. ஒரு மண்முட்டியை உள்ளே மெழுகு பூசி மரக்கவட்டில் வைத்தால் தானாக வந்து குடியேறுவதும் இதுதான். பெட்டியில் வளர்க்க உகந்ததும் இதுதான். 1681இல் அச்சான றொபட் நொக்ஸின் நூலிலேயே இந்த நாட்டு ஈக்களை வகை பிரித்து எழுதியிருக்கிறது. கண்டி ராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு இருந்த கவனம், இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு இல்லை.

எழுவான்கரையில் வளவு ஈயின் வருடம் மாசியில் தொடங்குகிறது. மாரி ஓய்ந்து வெயில் ஏற, மா, மரமுந்திரிகை, பிறகு வேம்பு, புளி என்று பூ வரும். முருங்கையும் தென்னையும் இடையிடையே கைகொடுக்கும். வாவியோரக் கண்டல்களிலும் பூ உண்டு. சித்திரை தொட்டு ஆடி வரை எடுக்கும் தேன் நல்ல தேன். ஈக்கு மிஞ்சியதும் அதுவே. அதற்குப் பிறகு கச்சான் காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிடும். ஆவணி, புரட்டாதியில் பூ அருகிவிடும். ஒக்டோபர் தொட்டு ஜனவரி வரை மழை. எமது மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த நாலு மாதத்துக்குள்தான் கொட்டுகிறது. விடாமல் அடிக்கும் மழையில் ஈ பறக்காது. பறந்தாலும் பூவில் தேன் இருக்காது, கழுவிப் போயிருக்கும். அந்த மாதங்களைக் கடக்கத்தான் அது கோடை முழுக்கச் சேர்த்தது. முன்மாரி வெள்ளாமைக்கு விதைநெல்லை எடுத்து வைக்காத விவசாயி எங்கள் பக்கத்தில் இல்லை. அதே விவசாயி தன் வளவில் இருக்கும் ஈயின் விதைநெல்லைப் பிழிந்து போத்தலில் ஊற்றுகிறான்.

எங்கள் தெருவில் ஒரு காக்கா இருக்கிறார், மனிதர் தங்கமானவர், ஐந்து நேரமும் பள்ளியில் முன் ஸப்பில் நிற்பவர். அவருடைய வளவில் வருடாவருடம் மூன்று நாலு முட்டியில் ஈ வந்து குடியேறும். புரட்டாதி நடுப்பகுதியில் ஒருநாள், முட்டியை உடைத்து வதைகளை அப்படியே சீலைத்துணியில் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். துணியிலிருந்து தேனோடு வெள்ளையாகவும் எதுவோ வழிந்தது.

“என்ன காக்கா, புழுவோடயே பிழியிறீங்க?”

“புழுவில என்ன சேர் இருக்கு, அதுவும் தேன் திண்ட புழுதானே. அதோட, மழை வந்தா இந்த ஈ எப்பிடியும் எழும்பிப் போயிரும். நாம எடுக்காட்டி எறும்புதான் எடுக்கும்.”

இந்தப் பதிலைத்தான் கரையோரம் எங்கும் கேட்கலாம். மழை வந்தால் ஈ போய்விடும், ஆகவே அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காரணமும் காரியமும் இடம் மாறிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. எடுத்துவிடுவதால்தான் அது போகிறது. நம் நாட்டு ஈயின் சுபாவமே அப்படி. பசி என்றாலோ, அடிக்கடி குலைத்தாலோ, எறும்பும் மெழுகுப் பூச்சியும் தொல்லை தந்தாலோ, கூட்டை விட்டுக் கூட்டமாக எழுந்து போய்விடும். மேலைநாட்டுப் பெட்டி ஈயைப் போலப் பொறுத்துக் கிடக்காது. கையில் சேமிப்பில்லாமல் ஐப்பசி மழைக்குள் எழுந்து போன ஈக்கூட்டம் எங்கே போய்ச் சேரும் என்று நினைக்கிறீர்கள்?

அந்த வெள்ளைப் புழுவுக்கும் ஒரு கணக்கு உண்டு. முட்டையிலிருந்து ஒரு வேலைக்கார ஈ வெளிவர ஏறக்குறைய மூன்று கிழமை செல்லும். ஓடியாடி உழைக்கும் காலத்தில் அதன் ஆயுள் சில கிழமைகள்தான். புரட்டாதியில் பறந்துகொண்டிருக்கும் ஈ ஐப்பசியைக் காணாது. ஐப்பசியில் கூட்டைக் காக்க வேண்டியது அந்தப் புழுதான். காக்கா துணியில் முறுக்கியது அடுத்த மாதத்து ஊரை.

சரி, ஈ கிடக்கட்டும், மனிதனுக்காவது நல்ல தேன் கிடைத்ததா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பூவிலிருந்து ஈ கொண்டுவரும் மதுவில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைக் கூட்டுக்குள் வைத்து இறகால் விசிறி விசிறி வற்றவைத்து, பதம் வந்ததும் மெழுகால் மூடி போட்டு அடைக்கிறது. மூடி போட்டதுதான் முதிர்ந்த தேன். நீர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவு நியமம். எமது ஈயின் தேன் இயல்பிலேயே சற்று இளகியது, அந்த எல்லையை ஒட்டியே நிற்பது. கடைசிப் பிழியலில் மூடாத வதையும் சேரும், புழுவின் சாறும் சேரும், மழைக்கு முந்திய ஈரக்காற்றும் சேரும். சில கிழமைகளில் போத்தலின் மூடி ‘டப்’பென்று கழன்று நுரை பொங்கும். வாங்கியவன் ‘நல்ல வீரியமான தேன்’ என்று சந்தோஷப்படுகிறான். அது வீரியமல்ல, புளிப்பு. புளித்து எதுவாக மாறுகிறது என்பதைப் பள்ளி வாசலில் விற்கிறவர்களுக்கு நான் எழுதிக் காட்ட விரும்பவில்லை. போத்தலும் பெரும்பாலும் பழைய சாராயப் போத்தல்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இதிலுள்ள கொடுமை என்னவென்றால், நம் சனங்களின் பரீட்சைகள் எல்லாம் நல்ல தேனைத்தான் தோற்கடிக்கின்றன. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போக வேண்டும், கடதாசியில் ஊறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, தீக்குச்சியில் தோய்த்தால் பற்ற வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப் பாணி இவற்றில் பலவற்றைச் சுலபமாகக் கடந்துவிடும். நம் வளவு ஈயின் இளகிய நல்ல தேன் தோற்றுவிடும். நாய்க்குத் தேன் கொடுத்துப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நாயின் அபிப்பிராயம் என்ன என்பதை இன்றுவரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருகிறேன். மார்க்கத்தின் பெயரால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அல்குர்ஆனில் ஒரு முழு அத்தியாயத்துக்கே தேனீயின் பெயர், அந்நஹ்ல், 16ஆவது சூறா. அதன் 68ஆம், 69ஆம் வசனங்கள் ஈக்கு இறைவன் அறிவித்ததைச் சொல்கின்றன. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டி வைப்பவற்றிலும் வீடமைக்கும்படி ஈ பணிக்கப்படுகிறது. மூன்றாவதாகச் சொல்லப்படும் மனிதர் கட்டுவதில் நம் முட்டியும் பெட்டியும் அடங்கும் என்பது என் விளக்கம். அந்த வசனங்களில் ஈயை நோக்கிய வினைச்சொற்கள் பெண்பாலில் இருப்பதை எடுத்துக்காட்டி, வேலை செய்யும் ஈ பெண் என்பதை அன்றே சொல்லிவிட்டது என்று துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். மேடை போட்டுப் பேசுகிறோம். நல்லது. அந்தப் பெண்களைப் புரட்டாதியில் முறுக்கிப் பிழிவது பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் கூட இதுவரை என் கைக்கு வரவில்லை. வசனத்தில் நோய்நிவாரணம் என்ற சொல் மட்டும் நமக்குப் போதுமாக இருக்கிறது. வீடமை என்ற கட்டளை நம் கண்ணில் படவில்லை.

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுறத் ஆகிய நாலையும் கொல்ல வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) தடுத்ததாக இப்னு அப்பாஸ் (றழி) வழியாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. எறும்புப் புற்று எரிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் அதிபதிக்கு மட்டுமே உரியது என்று கண்டித்த ஹதீஸும் அதே நூலில் உண்டு. இவற்றை அறிந்தவர்கள்தான் இரவில் காய்ந்த ஓலைப் பந்தம் பிடித்துப் பெருந்தேனீயை எரித்துக் கொட்டுகிறார்கள். புகை போதும், பந்தம் வேண்டியதில்லை. புகை ஈயை விலக்கும், பந்தம் அதைக் கொல்லும். ஈரத்தைத் தானியக் குவியலுக்கு உள்ளே மறைத்து விற்ற வியாபாரியின் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். மூடாத வதையின் ஈரம் அதில் சேராதா?

தேனுக்கு ஸகாத் உண்டா என்ற பழைய வாதம் ஒன்றும் இருக்கிறது. ஹனஃபிகள் பத்தில் ஒன்று என்றார்கள். நாம் ஷாஃபிஈகள், நமக்குக் கடமையில்லை என்று முடித்துவிட்டோம். ஏழைக்கும் பங்கில்லை, ஈக்கும் பங்கில்லை.

நோய்நிவாரணம் என்ற சொல்லை நாம் மட்டும்தான் துஷ்பிரயோகம் செய்கிறோம் என்றும் சொல்லமாட்டேன். 2020 டிசெம்பரில் கேகாலையில், தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொரோனாவை மாற்றும் என்று சொல்லப்பட, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதை வாங்கிக் குடித்த அன்றைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. அந்த நாட்களில் நாடெங்கும் தேன் என்று விற்றதெல்லாம் எந்த ஈ தந்தது என்று கேட்க ஆளில்லை.

நம் சமூகத்துக்கும் தேனுக்கும் உள்ள உறவு பழையது. ஆனால் அது பெரும்பாலும் வியாபாரியின் உறவு. காட்டு வேடர்கள் தேனையும் மெழுகையும் வற்றல் இறைச்சியையும் கொடுத்து, அம்புமுனையும் கோடரியும் துணியும் பண்டமாற்றாகப் பெற்றதையும், அந்த வியாபாரத்தில் சோனகர் இருந்ததையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. வேடர் மரத்தில் ஏறினார், நாம் கீழே நின்று வாங்கினோம். மரத்தில் ஏறியவருக்கு அடுத்த வருடமும் அதே மரம் வேண்டும். கீழே நின்றவருக்குப் போத்தல் நிரம்பினால் போதும். வாகரைப் பக்கம் இன்றும் வாழும் வேடர் வழிவந்தோரிடம் தேன் வாங்கி மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்கள், அவர்களிடமிருந்து ஈயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கிறார்களா?

இந்த இடத்தில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். “போர்தானே சேர் எல்லாத்தையும் அழிச்சது” என்பார்கள். பொய்யில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி பாதி மரத்தைச் சாய்த்தது. 1990க்குப் பின் படுவான்கரைக் காணிகளுக்கும் மேற்குக் காடுகளுக்கும் நம்மவர்கள் போக முடியாமல் போனது. பாதையோரப் பற்றைகளும் கண்டல்களும் பாதுகாப்பென்று வெட்டப்பட்டன. 2004இல் கடல் வந்தது. 2007இல் தொப்பிகல என்று செய்தியில் அடிபட்ட குடும்பிமலைப் பக்கம் குண்டு விழுந்தது. வயலுக்கு அடிக்கும் நஞ்சும் சேர்ந்துகொண்டது. எல்லாம் உண்மை. ஆனால் நம் சொந்த வளவில், முருங்கைக்குப் பக்கத்தில் இருந்த முட்டியை இராணுவமும் உடைக்கவில்லை, இயக்கமும் உடைக்கவில்லை. நம் எழுத்தாளர்கள் முப்பது வருடமாக இழப்பை எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். பிறர் அழித்ததை எழுதும் பேனா நாம் அழிப்பதையும் கொஞ்சம் எழுதலாம்.

சுனாமிக்குப் பிறகும், 2009க்குப் பிறகும், வாழ்வாதாரம் என்று சொல்லி எங்கள் பகுதிக்குத் தேன்பெட்டிகள் வந்தன. கணவனை இழந்த பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒருநாள் பயிற்சி, ஒரு குழுப்படம், ஒரு தேநீர். பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது என்று காட்டினார்கள். எப்போது எடுக்காமல் விடுவது என்று ஒருவரும் காட்டவில்லை. முதல் மாரியிலேயே பெட்டி வெறுமையானது. இன்று அந்தப் பெட்டிகளில் கோழி அடைகாக்கிறது.

பெட்டியின் மீது குற்றமில்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நியூட்டன் என்ற யேசு சபைத் துறவி நம் ஈயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிதாக அமைத்த பெட்டியைத்தான் தென்னிந்தியாவில் பல இடங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கீழறையில் ராணியும் புழுவும், மேலறையில் மிஞ்சிய தேன். மேலறைச் சட்டத்தை மட்டும் எடுத்துச் சுழற்றித் தேனை இறக்கிவிட்டு, வதையை உடையாமல் திரும்ப வைக்கலாம். கீழறையைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் அதன் மொத்தச் சூத்திரம். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களிலேயே வை.எம்.சி.ஏ. மூலமாக இந்தத் தொழில் பரவியது. 1990களின் தொடக்கத்தில் புழுவைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் வந்து அங்கே பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. ஆனாலும் அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை, எஞ்சியதிலிருந்து திரும்பப் பெருக்கினார்கள். பூவில்லாத மாதங்களில் சீனித் தண்ணீர் கரைத்து ஈக்கு வைக்கிறார்கள். நம்மூரில் சீனித் தண்ணீர் நேரே போத்தலுக்குப் போகிறது.

முஸ்லிம் உதாரணம்தான் வேண்டும் என்போருக்கு வங்கத்துச் சுந்தரவனத்தைச் சொல்வேன். அங்கே தேன் எடுக்கும் மௌவாலிகளில் பலர் முஸ்லிம்கள். புலியிருக்கும் காட்டுக்குள் போய்ப் புகை போட்டுப் பெருந்தேனீயை விலக்குவார்கள். வதையில் தேன் இருக்கும் தலைப்பக்கத்தை அறுத்துக்கொண்டு, புழு இருக்கும் பகுதியை விட்டுவிடுவது வழக்கம். காட்டுக்குள் இறங்குமுன் அவர்கள் வனபீபியை நினைப்பது பற்றி நம் மௌலவிமார் தாராளமாக ஃபத்வா வழங்கட்டும். ஆனால் புழுவை விட்டுவைக்கும் காரியத்தில் நம்மைவிட அந்த ஹதீஸுக்கு நெருக்கமாக நிற்பவர்கள் அவர்கள்தாம்.

இன்னொன்று, வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஸித்ர் தேன். யெமனின் ஹழ்ரமௌத் தேன் என்றால் அத்தர் போல ஒரு சிறு கரண்டியில் நாக்கில் தொட்டு வைக்கிறார்கள். ஸித்ர் என்பது வேறொன்றுமல்ல, இலந்தை இனம். நம்முடைய இலந்தை பாலமீன்மடுவிலும் புணாணையிலும் பற்றை பற்றையாக நிற்கிறது. மாரிக்கு முன்னால் பூக்கிறது. ஈக்குக் கடைசியாகக் கிடைக்கும் சாப்பாடுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பற்றையைத்தான் துப்புரவு என்று சொல்லிப் புல்டோசரால் தள்ளுகிறோம்.

பொருளாதாரக் கஷ்டத்தில் இருக்கும் ஏழைக்கு அந்தக் கடைசிப் போத்தலின் காசும் பெரிது என்று ஒரு நண்பர் சொன்னார். 2022க்குப் பிறகு எல்லா வீட்டிலும் கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசிப் பிழியலில் ஒரு முட்டியிலிருந்து அரைப் போத்தல் தேறினால் அதிகம், அதுவும் புளிக்கும் தேன். அதே கூட்டம் மாரியைக் கடந்து மாசியில் உயிரோடு இருந்தால், புதிய ஈ வந்து குடியேறும்வரை காத்திருக்காமல் சித்திரையிலேயே நல்ல தேன் எடுக்கலாம். வைகாசியில் அது இரண்டாகப் பிரிந்தால் பக்கத்து வீட்டு முட்டியும் நிறையும். ஏழைக்கு எது இலாபம்?

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு ஒன்று கேட்கிறேன். ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் தேன் விற்க இடம் கொடுக்கிறீர்கள். ஆவணி முடிந்தபின் எடுத்த தேனுக்கு அந்த இடத்தை மறுக்கலாம். இதற்குச் சட்டமோ சுற்றுநிருபமோ தேவையில்லை. மௌலவிமார் புரட்டாதியில் ஒரு கொத்பாவை அந்நஹ்லுக்கு ஒதுக்கட்டும், விஞ்ஞான அற்புதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு. சஞ்சிகை ஆசிரியருக்கும் ஒன்று: தேன் என்ற சொல்லுள்ள கவிதை வந்தால், எந்தப் பூவின் தேன், எந்த மாதத்துத் தேன் என்று எழுதியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்த இதழுக்குத் தேனாட்டைப் பற்றி எழுத இருப்பவர், அதற்கு முன் ஒரு புரட்டாதி பின்நேரம் எங்கள் ஊர்ப்பக்கம் வரட்டும். முட்டிகளை நான் காட்டுகிறேன். வரும்போது போத்தல் கொண்டுவர வேண்டாம்.